டெல்லி வெயில்ல சொசைட்டி கரண்ட் லோடை குறைக்கிறது எப்படி: மேக்ஸிமம் பாக்காதீங்க, மினிமம் பாருங்க

மே மாசம் ஆனா டெல்லில எல்லாருக்கும் ஒரே பேச்சு தான், இன்னிக்கு 45ஆ 46ஆ. ஆனா கரண்ட் விஷயத்துக்கு அந்த நம்பர் பாதி கதை தான் சொல்லும். 2024 மே 29 அன்னிக்கு சப்தர்ஜங் வானிலை ஸ்டேஷன்ல 46.8 டிகிரி அடிச்சுது, அன்னிக்கு டெல்லியோட பீக் டிமாண்ட் (ஒரே நேரத்துல ஊர் பூரா இழுத்த உச்ச லோடு) 8,302 மெகாவாட். மூணு வாரம் கழிச்சு ஜூன் 19, மேக்ஸிமம் அதை விட கம்மி தான், ஆனா விடியக்காலை மினிமமே 35.2, நார்மலை விட 8 டிகிரி கிட்ட ஜாஸ்தி, அன்னிக்கு பீக் 8,656 மெகாவாட்டுக்கு போச்சு, அது வரைக்கும் டெல்லி பாக்காத லோடு. ராத்திரி பூரா சுவரும் மொட்டை மாடியும் ஆறவே இல்லன்னா மறுநாள் காலைல எட்டு மணிக்கே ஏசி போட ஆரம்பிச்சுடுவாங்க, அதான் விஷயம்.

இன்னும் பின்னாடி போய் பாருங்க. 2018ல பீக் வந்தது ஜூலை 10, 7,016 மெகாவாட். 2019ல ஜூலை 2, 7,409. 2022ல ஜூன் 29, 7,695. 2023ல ஆகஸ்ட் 22, ஆமா ஆகஸ்ட், 7,438. லூ காத்து அடிக்கிற மே மாசத்துல இல்ல, புழுக்கம் ஆரம்பிச்சப்புறம் தான் லோடு உச்சத்துக்கு போகுது. காரணம் ரொம்ப சிம்பிள், காஞ்ச சூட்டுல கூலர் வேலை செய்யும், 150 இல்ல 200 வாட்ல ஒரு ரூமை சமாளிச்சிடலாம், காத்துல ஈரம் ஏறிட்டா கூலர் போட்டா இன்னும் பிசுபிசுப்பு தான், அப்போ எல்லாரும் 1,500 வாட் ஏசிக்கு தாவுறாங்க. ஒரே வீடு, அதே ரூம், லோடு மட்டும் ஏழெட்டுல இருந்து பத்து மடங்கு.

இதை வெச்சு தான் கீழ எழுதினது எல்லாம். சொசைட்டி கமிட்டில இருக்கிறவங்க, ஆர்டபிள்யூஏ (குடியிருப்போர் சங்கம்) வாட்ஸாப் குரூப் அட்மின், இல்ல சும்மா வீட்டளவுல பண்ணணும்னு நினைக்கிறவங்க, யாருக்கு வேணா ஆகும். துவாரகா, மயூர் விஹார், ஆர்.கே.புரம், ஜனக்புரி எங்க இருந்தாலும் முறை ஒண்ணு தான், டிஸ்காம் (வீட்டுக்கு கரண்ட் கொடுக்கிற கம்பெனி) தான் மாறும்.

முதல்ல டிமாண்ட் ரெஸ்பான்ஸ்னா என்னன்னு ரெண்டு வரி. கிரிட்ல எந்த நிமிஷமும் உற்பத்தியும் செலவும் சமமா இருக்கணும், 50 ஹெர்ட்ஸ் அங்கயே நிக்கணும், செலவு ஏறினா ஃப்ரீக்வென்சி இறங்கும், ரொம்ப இறங்கினா லைன் ஒண்ணொண்ணா ட்ரிப் ஆகும். 2012 ஜூலை 30, 31 ரெண்டு நாளும் வட இந்தியா இருட்டானதை டெல்லில அப்போ இருந்த யாரும் மறந்திருக்க மாட்டாங்க, மெட்ரோ நடு வழில நின்னுது, அன்னிக்கு நடந்ததுல வேற காரணங்களும் உண்டு, ஆனா ஓவர்லோட் அதுல முக்கியமான ஒண்ணு. டைட்டா இருக்கிற அந்த ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மட்டும் புதுசா பவர் தேடாம, நாம செலவை கொஞ்சம் இறக்கி, இல்ல முன்னாடியோ பின்னாடியோ தள்ளி வெச்சா, அதுக்கு பேர் தான் டிமாண்ட் ரெஸ்பான்ஸ். நாள் பூரா சிக்கனம் பண்றது வேற, அது நல்லது தான், ஆனா இது அது இல்ல. மதியம் 12 மணிக்கு நீங்க ஏசி போட்டா கிரிட்டுக்கு பெரிய வலி இல்ல, ராஜஸ்தான் பக்கம் சோலார் கொட்டிட்டு இருக்கும். ராத்திரி 11 மணிக்கு அதே ஏசி வேற கதை.

"நம்ம ஒரு வீடு குறைச்சு என்ன ஆகப் போகுது"ன்னு குரூப்ல ஒருத்தர் கண்டிப்பா கேப்பார். 10 லட்சம் வீடு ஆளுக்கு அரை கிலோவாட் இறக்கினா 500 மெகாவாட். 2018 அக்டோபர்ல மூடின பதர்பூர் பிளான்ட் மொத்தமே 705 மெகாவாட் தான். கலிஃபோர்னியால 2022 செப்டம்பர் 6 சாயங்காலம் டிமாண்ட் 52,061 மெகாவாட்னு ரெக்கார்ட் தொட்டப்போ கவர்ன்மென்ட் கோடிக்கணக்கான பேர் போனுக்கு ஒரு எமர்ஜென்சி மெசேஜ் தட்டி விட்டாங்க, கொஞ்ச நிமிஷத்துலயே ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல இறங்கிச்சு, ஏரியா ஏரியாவா மாத்தி மாத்தி கட் பண்ணாம அன்னிக்கு தப்பிச்சாங்க. ஜனங்க பண்ணுவாங்க, எப்போ பண்ணணும்னு சொல்லணும், அவ்வளவு தான்.

ரெண்டு பீக் இருக்கு, குழப்பிக்காதீங்க

டெல்லிக்கு ஊரளவுல பீக் வர்றது பெரும்பாலும் மதியம் மூணு மணி வாக்குல, ஆஃபீஸ், கடை, மால், வீடு எல்லாம் ஒண்ணா ஓடுற நேரம். ராத்திரி 11, 12 மணிக்கு இன்னொண்ணு, அது முழுக்க வீட்டு ஏசி. உங்க சொசைட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு ராத்திரி பீக் தான் பெருசு, ஏன்னா மதியம் பாதி பேர் வீட்லயே இல்ல. டிஇஆர்சி (டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம்) வெச்சிருக்கிற டைம் ஆஃப் டே டேரிஃப்லயும் (நேரத்துக்கு ஒரு ரேட்) மே டு செப்டம்பர் பீக் நேரம் மதியம் 2 டு 5, ராத்திரி 10 டு 1, அந்த நேரத்துல 20 சதவீதம் சர்சார்ஜ், விடியக்காலை 4 டு 10 யூஸ் பண்ணா 20 சதவீதம் ரிபேட். வீட்டு கனெக்‌ஷனுக்கு இது கட்டாயம் இல்ல, த்ரீ ஃபேஸ் வீட்டுக்காரங்க விருப்பப்பட்டா சேரலாம், கடை ஆஃபீஸ் எல்லாம் 10 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் இருந்தா இதுல வந்துடும். காசு வருதோ இல்லையோ, இந்த நேரத்தை அப்படியே எடுத்துக்கோங்க, நீங்களா ஒரு நேரம் கண்டுபிடிக்க வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மர் பத்தி ஒரு விஷயம், இது தான் நிறைய பேருக்கு தெரியறதில்ல. அதுக்குள்ள எண்ணெய் இருக்கு, பகல் பூரா லோடுல சூடாகும், ராத்திரி வெளிக்காத்து ஆறினா எண்ணெயும் ஆறும். மினிமம் 27 இருக்கிற ராத்திரி மூச்சு விட்டுக்கும், 33 இருக்கிற ராத்திரி ஆற இடமே இல்ல, அதே நேரத்துல லோடும் உச்சத்துல இருக்கு. பார்க் ஓரத்துல வேலி போட்டு வெச்சிருக்கிற அந்த டப்பா கிட்ட ராத்திரி 12 மணிக்கு நின்னு பாருங்க, ஏப்ரல்ல சன்னமா ரீங்காரம் போடும், ஜூன் கடைசில அதே டப்பா உறுமும், பக்கத்துல போனாலே அனல் அடிக்கும். (தள்ளி நின்னு பாருங்க, வேலிக்குள்ள போயிடாதீங்க.) "லைட் போயிடுச்சு"ன்னு ராத்திரி ஒரு மணிக்கு நாம குரூப்ல கத்துறது பாதி நேரம் கிரிட்ல பவர் இல்லாததால இல்ல, இந்த டப்பாவோ அதுக்கு போற கேபிளோ தாங்காததால. அதனால நம்ம சொசைட்டி குறைக்கிறதுல முதல் லாபம் நமக்கு தான்.

உங்க வீட்டோட வெயில் கணக்கை முதல்ல எடுங்க

ஏப்ரல் கடைசிலயே ஆரம்பிச்சிடுங்க. ராத்திரி 10 மணிக்கு மீட்டர் ரீடிங் ஒண்ணு, காலைல 6 மணிக்கு ஒண்ணு. மீட்டர்ல இருக்கிற அந்த சின்ன பட்டனை அமுக்கி அமுக்கி போனா ஒவ்வொண்ணா வரும், தேதி, டைம், அப்புறம் கிலோவாட் ஹவர் யூனிட், அப்புறம் எம்டி ன்னு ஒண்ணு, அது மாசத்துலயே அதிகபட்ச டிமாண்ட் கிலோவாட்ல. நமக்கு வேண்டியது யூனிட் கணக்கும் அந்த எம்டியும். ஸ்மார்ட் மீட்டர் இருந்தா ஆப்லயே கிடைச்சிடும், ஏணி போட வேண்டாம். பக்கத்துலயே அன்னிக்கு காலை மினிமம் டெம்பரேச்சர், சாயங்கால ஈரப்பதம் ரெண்டையும் எழுதிக்கோங்க, ஐஎம்டி (இந்திய வானிலை துறை) சைட்லயும் அவங்க மௌசம் ஆப்லயும் வரும், சப்தர்ஜங் ஸ்டேஷன் இல்ல பாலம் ஸ்டேஷன், உங்களுக்கு எது கிட்டவோ அது.

கொஞ்ச நாள்ல ஒரு பேட்டர்ன் தெரியும். உதாரணத்துக்கு ஒரு வீடு, மினிமம் 26 இருந்த ராத்திரி 9 யூனிட், 30 இருந்தப்போ 14, 33 இருந்தப்போ 18னு வெச்சுக்கோங்க. அப்போ ஒரு டிகிரிக்கு சுமார் ஒண்ணேகால் யூனிட் ஏறுது. மார்ச்ல ஏசி இல்லாத ராத்திரி 3 யூனிட்னா அது ஃப்ரிட்ஜ், ஃபேன், வைஃபை இதெல்லாம், அதை தொட வேண்டாம், அதுக்கு மேல இருக்கிறது எல்லாம் வெயில் லோடு, குறைக்கிறதுக்கு இடம் அங்க தான். ஒரு டிகிரிக்கு அரை யூனிட் தான் ஏறுதுன்னா உங்க வீடு ஏற்கனவே நல்லா இருக்கு, ரெண்டு யூனிட்டுக்கு மேல ஏறுதுன்னா டாப் ஃப்ளோரா இருக்கலாம், ஜன்னல் இடுக்குல காத்து போகலாம், பழைய ஏசியா இருக்கலாம், பெரும்பாலும் ஏசி ஃபில்டர் அடைச்சிருக்கும். டெல்லி தூசிக்கு ஃபில்டரை வாரா வாரம் கழுவினாலும் தப்பில்ல.

இந்த கணக்கு ஏன் முக்கியம்னா, பின்னாடி எவ்வளவு மிச்சம் பண்ணோம்னு பாக்கும்போது இது இல்லாம எல்லாமே தப்பா தெரியும். போன வாரம் சராசரி மினிமம் 29, ராத்திரிக்கு 13 யூனிட் ஓடிச்சு. இன்னிக்கு மினிமம் 33, நீங்க கஷ்டப்பட்டு குறைச்சீங்க, 15 ஓடிச்சு. போன வாரத்தோட ஒப்பிட்டா 2 யூனிட் ஜாஸ்தி, "பாத்தியா இதெல்லாம் சும்மா"ன்னு சொல்லிடுவாங்க. ஆனா 33க்கு உங்க வீட்டு கணக்குப்படி 18 ஓடியிருக்கணும், நீங்க 3 மிச்சம் பண்ணியிருக்கீங்க. டிமாண்ட் ரெஸ்பான்ஸ் நாள்ங்கிறது எப்பவுமே மோசமான வெயில் நாள் தான், அதனால வெயிலுக்கு திருத்தம் போடாத எந்த கணக்கும் நம்மள ஏமாத்தும். டிஸ்காம் கம்பெனி ஏதாவது பாயின்ட், பில் க்ரெடிட்னு தர்றதா இருந்தா முதல்ல கேக்க வேண்டிய கேள்வியும் இதுவே, பேஸ்லைன் (குறைக்காம இருந்தா எவ்வளவு ஓடியிருக்கும்ங்கிற கணக்கு) எப்படி போடுறீங்க, வெயிலுக்கு அட்ஜஸ்ட் பண்றீங்களா. நிறைய இடத்துல அன்னிக்கு ஈவென்ட்டுக்கு (குறைக்க சொல்ற அந்த சில மணி நேரத்துக்கு) முன்னாடி ரெண்டு மூணு மணி நேர செலவை பாத்து பேஸ்லைனை ஏத்தி இறக்குவாங்க, நல்ல முறை தான், ஆனா முன்கூட்டியே ரூமை குளிர்விச்சா அந்த நேரத்துல செலவு ஏறும்ல, அதனால பேஸ்லைனும் உயரும், மிச்சம் நிஜத்தை விட பெருசா தெரியும். வேணும்னே அதை பண்ணி பாயின்ட் சேக்கறவங்களும் உண்டு, உலகம் பூரா இந்த தலைவலி இருக்கு.

எந்த நாள்னு எப்படி முடிவு பண்றது

தினமும் கூப்பிட்டா யாரும் வர மாட்டாங்க, இது தான் இந்த விஷயத்துல மொத்த சூட்சுமம். சீசனுக்கு விரல் விட்டு எண்ற அளவு நாள் தான் கூப்பிடணும், அதை சரியா தேர்ந்தெடுக்கணும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருத்தர் ஐஎம்டி ஃபோர்காஸ்ட் பாக்கணும், ஒருத்தர் போதும், கமிட்டி எல்லாம் வேண்டாம்.

நான் சொல்ற அளவு இது, உங்க ஏரியாவுக்கு கொஞ்சம் மாத்திக்கலாம்: நாளைக்கு மினிமம் 30 இல்ல அதுக்கு மேலன்னு போட்டிருந்தா மஞ்சள், அதாவது உஷார். 28 தான் ஆனா சாயங்காலமே ஈரப்பதம் 60க்கு மேல நிக்குது, காத்து அசையலன்னாலும் மஞ்சள். 32ஐ தாண்டினா, இல்ல ரெண்டு மூணு ராத்திரியா தொடர்ந்து 30க்கு மேலயே இருந்தா, சிவப்பு, அதாவது கூப்பிட வேண்டிய நாள். ஐஎம்டியே வார்ம் நைட்னு ஒரு எச்சரிக்கை கொடுப்பாங்க, பகல் 40க்கு மேல இருந்து ராத்திரி மினிமம் நார்மலை விட 4.5 டிகிரிக்கு மேல ஜாஸ்தி இருந்தா வார்ம் நைட், 6.4ஐ தாண்டினா சிவியர், அந்த வார்த்தை புல்லட்டின்ல வந்துட்டா யோசிக்கவே வேண்டாம், சிவப்பு. டிவில ஹீட்வேவ் ஹீட்வேவ்னு அலறுவான், ஆனா அதே ஹீட்வேவ்ல ராத்திரி 26க்கு இறங்கினா சொசைட்டிக்கு பெருசா பிரச்சினை இல்ல, மதிய ப்ளான் மட்டும் போதும்.

சாயங்காலம் ஆந்தி (புழுதிப் புயல்) வர்ற மாதிரி இருந்தா கேன்சல். புழுதிக்காத்தும் ரெண்டு தூறலும் விழுந்தா ஊர் லோடு மளமளன்னு இறங்கிடும், அப்போ குறைங்கன்னு மெசேஜ் போட்டா அடுத்த தடவை யாரும் மதிக்க மாட்டாங்க. ஆந்தில கரண்ட் போறது மரம் விழுந்து, அதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது.

பொது லோடுல இருந்து ஆரம்பிங்க

வீட்டுக்காரங்க கிட்ட போறதுக்கு முன்னாடி சொசைட்டி தன் பங்கை முடிக்கணும், இல்லன்னா கேள்வி வரும். தண்ணி மோட்டார் தான் முதல் ஆள். ஜல் போர்டு தண்ணி காலைலயும் சாயங்காலமும் வரும், கீழ் டேங்க் ரொம்பினதும் வாட்ச்மேன் பழக்க தோஷத்துல ராத்திரி பத்து மணிக்கு மோட்டாரை போட்டு மேல ஏத்துவார். 10 எச்பி மோட்டார் ரெண்டுன்னா 15 கிலோவாட். அதை விடியக்காலை 4 மணிக்கு தள்ளுங்க, ஒரு டைமர் போட்டா முடிஞ்சுது, இது ஈவென்ட் நாளுக்கு மட்டும் இல்ல, சீசன் பூராவுக்கும். அப்புறம் ஈவி சார்ஜிங். ஆஃபீஸ்ல இருந்து வந்ததும் கார் ஸ்கூட்டர் எல்லாத்தையும் சொருகிடறாங்க, அஞ்சு கார் ஆளுக்கு 3.3 கிலோவாட் இழுத்தா 16 கிலோவாட்டுக்கு மேல, கார்லயே ஷெட்யூல் செட்டிங் இருக்கும், ராத்திரி 2 மணிக்கு மேல ஆரம்பிக்கிற மாதிரி வைக்க சொல்லுங்க, காலைல எட்டு மணிக்குள்ள ஆயிடும். கிளப் ஹவுஸ் ஏசி, ஜிம், ஃபவுண்டன், அலங்கார லைட்டு, இதெல்லாம் சொல்லவே வேண்டியதில்ல. லிஃப்ட்டை மட்டும் தொடாதீங்க.

டிஜி செட்டை (டீசல் ஜெனரேட்டரை) ஓட்டி "நாங்க கிரிட்ல இருந்து குறைச்சிட்டோம்"னு கணக்கு காட்டுறது ஒரு வழி இருக்கு, தயவு செஞ்சு வேண்டாம், டெல்லி காத்து ஏற்கனவே எந்த லட்சணத்துல இருக்குன்னு தெரியும்.

அப்புறம் வீடுகள்

இங்க தான் பேச்சு சாமர்த்தியம் வேணும். ஏசிய ஆஃப் பண்ணுங்கன்னு சொன்னா செத்தீங்க. எங்க பிளாக்ல ஒரு மாமி கிட்ட போய் கேட்டப்போ "எங்காத்துல பெரியவர் இருக்கார்ப்பா, வேர்த்து கொட்டினா பிபி ஏறிடும்"னு கதவை பாதி சாத்திட்டா, "மாமி, ஆஃப் பண்ண வேண்டாம், 22ல இருக்கிறதை 26 பண்ணி ஃபேனை மூணுல போடுங்கோ, அதுவும் ஹால் ஏசிய மட்டும், மாமா ரூமை தொடவே வேண்டாம்"னு சொன்னப்புறம் தான் உள்ள கூப்பிட்டா, காபியும் வந்துது. கேக்கிறது இவ்வளவு தான்னு தெளிவா சொல்லணும்.

ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு பிஇஇ (ஏசிக்கு ஸ்டார் லேபிள் கொடுக்கிற மத்திய அரசு அமைப்பு) சொல்றாங்க, 2020 ஜனவரில இருந்து வர்ற ஸ்டார் லேபிள் ஏசி எல்லாம் ஆன் பண்ணா 24ல தான் ஆரம்பிக்கும். 16ல வெச்சா சீக்கிரம் குளிரும்னு ஒரு நம்பிக்கை எல்லா வீட்லயும் இருக்கு, குளிராது. பழைய ஃபிக்ஸட் ஸ்பீட் ஏசில கம்ப்ரெசர் ஒரே வேகத்துல தான் ஓடும், 16ல வெச்சா கட் ஆஃப் ஆகாம ராத்திரி பூரா ஓடும், அவ்வளவு தான் வித்தியாசம். இன்வெர்ட்டர் ஏசில 26ல வெச்சா வேகத்தை குறைச்சுட்டு நிதானமா ஓடும், அதனால அதை அணைச்சு அணைச்சு போடுறதை விட செட்டிங்கை ஏத்தி விட்டுடறது பெட்டர். பழைய ஏசியா இருந்தா அரை மணிக்கு பத்து நிமிஷம் கம்ப்ரெசரை நிறுத்தி ஃபேன் மோட்ல விடலாம், ரூம் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது.

ராத்திரி ஈவென்ட்டுக்கு முறை: ஒன்பது மணிக்கே பெட்ரூம் கதவு ஜன்னல் சாத்தி, திரை இழுத்து, 24ல ஒரு மணி நேரம் ஓட விடுங்க. பத்து மணிக்கு 26 இல்ல 27, கூட சீலிங் ஃபேன். ஈர நாள்ல டிரை மோட் போட்டா 27 கூட சுகமா இருக்கும், ஏன்னா புழுக்கத்துல நம்மள படுத்துறது சூட்டை விட ஈரம் தான். எல்லாரும் ரெண்டு மூணு ரூம்ல தனித்தனியா ஏசி போடுறதுக்கு பதிலா அந்த மூணு மணி நேரம் ஒரே ரூம்ல இருந்தா அதுக்கு ஈடு எதுவும் இல்ல, ஒரே அடில ஒண்ணரை கிலோவாட், பசங்களுக்கு பாய் போட்டு தூங்கறது பிக்னிக் மாதிரி. வாஷிங் மெஷின், இஸ்திரி, டிஷ் வாஷர் எல்லாம் காலைக்கு. இண்டக்‌ஷன்ல சமைக்கிறவங்க பத்து மணிக்குள்ள முடிச்சிடுங்க, அது ஒண்ணே 2 கிலோவாட்.

மதிய ஈவென்ட்டுக்கு 12ல இருந்து 2 வரைக்கும் நல்லா குளிர்விச்சுக்கோங்க, சோலார் உச்சத்துல இருக்கிற நேரம், 2 மணிக்கு ஏத்தி விடுங்க. மேற்கு ஜன்னல்ல கஸ் தட்டியோ (வெட்டிவேர் தட்டி) கெட்டி திரையோ கட்டாம இந்த முன்கூட்டி குளிர்விக்கிறது நிக்காது. டாப் ஃப்ளோர்காரங்களுக்கு எப்படி பண்ணாலும் அரை மணில மாடி சூடு ரூமுக்குள்ள இறங்கிடும், கான்க்ரீட் அப்படி, அவங்களை மதியத்துக்கு கேக்காம ராத்திரிக்கு மட்டும் கேளுங்க.

யாரை கேக்கவே கூடாதுன்னு ஒரு லிஸ்ட் முதல்லயே போட்டுடணும். கைக்குழந்தை, வயசானவங்க தனியா இருக்கிற வீடு, கர்ப்பிணி, ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடுற வீடு, இதய நோய், சிறுநீரக நோய். இவங்களுக்கு மெசேஜே போகக் கூடாது, ஏன்னா மெசேஜ் போனா அவங்க தான் முதல்ல குறைப்பாங்க, அது தான் நம்ம ஊர் குணம். ராத்திரியும் ஆறாத வெயில் தான் உடம்புக்கு ஆபத்து, பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி இறக்க முடியலன்னா ஹீட் ஸ்ட்ரோக் வரைக்கும் போகும்.

மெசேஜ் எப்படி போடணும்

நீளமா எழுதாதீங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒண்ணு: "இன்னிக்கு ராத்திரி சிவப்பு. நாளை மினிமம் 33. 10ல இருந்து 1 வரை ஏசி 26 + ஃபேன், ஒரே ரூம். கார் சார்ஜிங் 2 மணிக்கு மேல. உடம்பு சரியில்லாதவங்க வழக்கம் போல இருங்க." பத்து மணிக்கு ஒரு வரி நினைவூட்டல். மறுநாள் காலைல ரிசல்ட். ரிசல்ட் போடலன்னா மூணாவது தடவைக்கு ஆள் இருக்காது. இந்தில ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு, நம்மாளுங்களுக்கு தமிழ்ல ஒண்ணு போட்டா தான் எல்லாருக்கும் போய் சேரும்.

டிஸ்காம் கிட்ட இருந்தும் எஸ்எம்எஸ் வரலாம், டெல்லி டிஸ்காம்கள் பீக் நேரத்துல குறைச்சா பாயின்ட், பரிசுன்னு ஸ்கீம் நடத்தியிருக்காங்க, உங்க ஆப்ல இருக்கான்னு பாத்து சேந்துக்கோங்க. ஆனா "இன்னிக்கு ராத்திரி 9.30க்கு உங்க கனெக்‌ஷன் கட், இந்த நம்பருக்கு கூப்பிடுங்க"ன்னு வர்ற மெசேஜ் எல்லாம் ஃப்ராடு, டிமாண்ட் ரெஸ்பான்ஸுக்கு யாரும் ஓடிபி கேக்க மாட்டாங்க, ஸ்க்ரீன் ஷேரிங் ஆப் போட சொல்ல மாட்டாங்க. சொசைட்டில வயசானவங்களுக்கு இதை தனியா சொல்லி வைங்க.

ஒரு மணிக்கு எல்லாரும் ஒண்ணா ஏத்தாதீங்க

இது பெரிய பொறி. ஈவென்ட் முடிஞ்ச நிமிஷமே எல்லா ஏசியும் 22க்கு போயி, கார் எல்லாம் சார்ஜ் ஆக ஆரம்பிச்சு, மோட்டாரும் ஓடினா, பத்துல இருந்து ஒண்ணுக்குள்ள வரவேண்டிய பீக்கை விட பெரிய பீக் ஒரு மணிக்கு வரும், டிரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸ் அப்போ தான் போகும். அதனால ஏ பிளாக் ஒரு மணி, பி பிளாக் ஒண்ணரை, கார் எல்லாம் ரெண்டுன்னு பிரிச்சு விடுங்க. தூங்கிட்டவங்க ஏத்தவே மாட்டாங்க, அவங்களால தான் இந்த ரிபவுண்ட் (திரும்ப எகிறுற லோடு) பாதி குறையும். கரண்ட் கட் ஆகி வந்தப்புறமும் இதே கதை தான், எல்லா வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் ஒண்ணா சார்ஜ் இழுக்கும், எல்லா ஏசியும் ஒண்ணா ஸ்டார்ட் ஆகும், லைட் வந்து அஞ்சு நிமிஷத்துல திரும்ப போறதுக்கு பாதி காரணம் அது. கரண்ட் வந்தா பத்து நிமிஷம் கழிச்சு ஏசி போடுங்கன்னு சொல்லி வைங்க.

120 வீடு சொசைட்டிக்கு தோராயமா ஒரு கணக்கு போட்டா: வீட்டுக்கு ரெண்டு ஏசி, ஒவ்வொண்ணும் ஒண்ணரை கிலோவாட், எல்லாம் ஒண்ணா ஓடினா 360 கிலோவாட். சராசரியா ரெண்டு டிகிரி ஏத்தினா 12 சதவீதம், 43 கிலோவாட். மோட்டார் 15, கார் 16. மொத்தம் 74 கிட்ட. பாதி வீடு தான் கேட்டுச்சுன்னாலும் 50 வரும், ரெண்டு டிகிரிக்கு பதிலா ஒரே ரூமுக்கு மாறினவங்க இருந்தா இன்னும் ஏறும். 630 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர்ல ராத்திரி 12 மணிக்கு 50 கிலோவாட் இறங்கறது சின்ன விஷயம் இல்ல.

காசு விஷயமும் சொல்லிடறேன், ஏன்னா கடைசில எல்லாரும் அதை தான் கேப்பாங்க. மூணு மணி நேரம் ஏசி ஏத்தினா மாச பில்லுல பெருசா தெரியாது, பொய் சொல்லி கூப்பிடாதீங்க. ஆனா ரெண்டு இடத்துல தெரியும். டெல்லில 201ல இருந்து 400 யூனிட் வரைக்கும் பாதி சப்சிடி, அதிகபட்சம் 800 ரூபா, 401 ஆனா அது போச்சு, 410 கிட்ட நிக்கிற வீட்டுக்கு இந்த நாலஞ்சு சிவப்பு ராத்திரியே வித்தியாசம் காட்டிடும். இன்னொண்ணு அந்த எம்டி. தொடர்ந்து நாலு மாசத்து அதிகபட்ச டிமாண்டோட சராசரியை பாத்து தான் சாங்க்‌ஷன்ட் லோடை (உங்க வீட்டுக்கு டிஸ்காம் அனுமதிச்சிருக்கிற கிலோவாட் அளவு) ஏத்தறாங்க, லோடு ஏறினா ஃபிக்ஸட் சார்ஜ் குளிர்காலத்துலயும் சேத்து வருஷம் பூரா ஏறும். ஏசி ரெண்டு, இண்டக்‌ஷன், வாஷிங் மெஷின் எல்லாத்தையும் ஒரே அரை மணில ஓட விடாம இருந்தாலே எம்டி ஒரு கிலோவாட் இறங்கும்.

கடைசியா ஒண்ணு, ஜூலை முதல் வாரம் நல்ல மழை பெஞ்சதும் குரூப்ல "சீசன் முடிஞ்சுது"ன்னு எல்லாரும் கை கழுவிடுவாங்க. மழை விட்டு நாலஞ்சு நாள் கழிச்சு வெயில் அடிக்கும் பாருங்க, 36 டிகிரி தான், ஆனா துணி காயாது, கூலர் உபயோகமே இல்ல, அப்போ திரும்ப சிவப்பு வரும். ஃபோர்காஸ்ட் பாக்கிற ஆளை செப்டம்பர் நடு வரைக்கும் விடாதீங்க, மோட்டார் டைமரை அதுக்கப்புறமும் 4 மணிலயே விட்டு வைங்க.